கேமரா போட்டா கரண்ட் பில் எகிறுமா? எல்லாரும் கேக்குற கேள்விகளும் என் பதிலும்

கும்பகோணம் பக்கம் 12 வருஷமா கேமரா மாட்டுற வேலை பாக்குறேன். விலை எவ்வளவு, எத்தனை நாள் ரெக்கார்டிங் நிக்கும், இந்த ரெண்டுக்கும் அடுத்தபடியா எல்லா வீட்லயும் வர்ற கேள்வி கரண்ட் பில்தான், அதுவும் பெரும்பாலும் வீட்டம்மாதான் கேப்பாங்க, சார் பக்கத்துல பேசாம நிப்பாரு. ட்ரில்லிங் மெஷினை கைல வெச்சுக்கிட்டு ஒவ்வொருத்தருக்கும் கணக்கு சொல்லி முடியல, அதான் மொத்தமா எழுதிட்டேன். எல்லாம் தமிழ்நாட்டு ஈபி கணக்கு, அதாவது 2 மாசத்துக்கு ஒரு ரீடிங்.

4 கேமரா போட்டா எவ்வளவு யூனிட் ஓடும்?

2 மாசத்துக்கு சுமார் 50 யூனிட். எப்படி வந்துச்சுன்னு சொல்றேன், அப்பதான் நாளைக்கு நீங்களே போட்டுப் பாக்கலாம். 1 வாட் இழுக்குற சாமான் ஒண்ணு 60 நாள் ராப்பகலா ஓடுச்சுன்னா 1.44 யூனிட் (ஒரு நாளைக்கு 24 மணி நேரம், 60 நாளைக்கு 1440 மணி நேரம், 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடுனா ஒரு யூனிட், அவ்வளவுதான்). இந்த 1.44ஐ மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, வீட்ல நாள் பூரா ஓடுற எதுக்கும் இதே கணக்குதான்.

இப்ப 2 மெகாபிக்சல் சாதா கேமரா ஒண்ணு பகல்ல 3 வாட் கிட்ட, ராத்திரி நாலு நாலரை இழுக்கும், சராசரியா 4 கேமராவுக்கும் சேர்த்து 15 வாட் வெச்சுக்கலாம். டிவிஆர், அதாவது ரெக்கார்ட் பண்ற பெட்டி, 8, 10 வாட், உள்ள இருக்கிற ஹார்டு டிஸ்க் 4லேருந்து 6 வாட். அப்புறம் எஸ்எம்பிஎஸ் (கேமராவுக்கு 12 வோல்ட் குடுக்குற பெட்டி), அடாப்டர் ரெண்டும் தன் பங்குக்கு சூடா வெளிய விடுறது ஒரு 5 வாட். மொத்தம் 35. அதை 1.44ஆல பெருக்குனா 50 யூனிட். 8 கேமரான்னா டபுள் ஆகாது, ஏன்னா டிவிஆரும் டிஸ்க்கும் ஒண்ணேதான், 55 வாட் சுமாரா வரும், 80 யூனிட்.

ரௌட்டரை இதுல சேக்கல. அது ஏற்கனவே உங்க வீட்ல ஓடிட்டுதான் இருக்கு. ராத்திரி படுக்கும்போது ரௌட்டரை அணைக்கிற பழக்கம் இருந்தா மட்டும் இன்னொரு 10 வாட் கூட்டிக்கோங்க.

யூனிட் எல்லாம் வேணாம், ரூபாய்ல சொல்லுங்க

அது உங்க வீடு எந்த ஸ்லாப்ல இருக்குங்கிறதைப் பொறுத்தது, அதனாலதான் நான் யாருக்கும் டக்குனு ரூபாய் சொல்றதில்ல. 2024 ஜூலை ரேட்டுப்படி 100 யூனிட் வரைக்கும் இலவசம், வயசான ரெண்டு பேர் மட்டும் இருக்கிற வீடு, ஒரு ஃபேன் ஒரு ஃப்ரிட்ஜ் அதுவும் சின்னது, 2 மாசத்துக்கு 50 யூனிட்டுக்கு உள்ளதான் ஓடுதுன்னா, கேமரா ஓடுறதும் அந்த நூறுக்குள்ளயே அடங்கிரும், பைசா கிடையாது. 250, 300 ஓடுற நடுத்தர வீடுன்னா யூனிட் ரவுண்டா 5 ரூபாய்னு வெச்சா 250 ரூபாய், மாசம் 125. ரெண்டு பேரு டிபன் சாப்பிடுற காசு.

வம்பு எங்க வருதுன்னா 500 கிட்ட நிக்கிற வீட்ல. கேமராவுக்கு முன்னாடி 480 ஓடுன வீடு இப்ப 530 ஓடும். 500 தாண்டுன உடனே மேல உள்ள யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல ஆகுறது மட்டும் இல்ல, கீழ 101லேருந்து 200 வரைக்கும் பாதி ரேட்ல கிடைச்சுட்டு இருந்த சலுகையும் போயிரும், ரெண்டும் சேர்ந்து அந்த 50 யூனிட்டுக்கு 600 ரூபாய்க்கு மேல வந்துரும், 2024 ஜூலைல ஏத்துன ரேட்டை வெச்சு சொல்றேன். அதனால கேமரா போடுறதுக்கு முன்னாடி பழைய பில்லு ரெண்டு மூணு எடுத்து வெச்சு பாருங்க. 450லேருந்து 500க்குள்ள நின்னா வேற எங்கயாவது ஒரு 40, 50 யூனிட் குறைச்சுக்கோங்க, பழைய குண்டு பல்பு, ட்யூப் லைட்டு எல்லாம் மாத்துனாலே பாதி வந்துரும்.

கேமரா போட்ட அடுத்த பில்லே 1000 ரூபாய் கூட வந்துருக்கு, அப்ப நீங்க சொல்றது பொய்யா?

பொய் இல்லைங்க. என்ன மாசம் போட்டீங்கன்னு பாருங்க முதல்ல. எனக்கு அதிகமா வேலை வர்றதே ஏப்ரல், மே, லீவுக்கு ஊருக்குப் போற சமயம்தான், அதே சமயம்தான் வீட்ல ஏசியும் ராத்திரி பூரா ஓடும். பழி மட்டும் புதுசா வந்த கேமரா மேல.

ஆனா கேமராவோட சேர்ந்து வந்த ஒண்ணு உண்மையிலேயே பில்லை ஏத்திருக்கலாம், அது டிவி. என் சொந்த சித்தப்பா மளிகைக் கடை வெச்சிருக்காரு, 6 கேமரா நான்தான் போட்டுக் குடுத்தேன், கல்லாவுக்கு மேல 32 இஞ்ச் எல்ஈடி டிவி ஒண்ணு மாட்டி அதுல எல்லா கேமராவும் கட்டம் கட்டமா தெரியிற மாதிரி. 4 மாசம் கழிச்சு "ஏண்டா தம்பி, உன் கேமரா என்ன கரண்ட்டை குடிக்குதா"ன்னு போன். ராத்திரி 10 மணிக்கு கடை சாத்துற நேரமா பாத்து போனேன். ஷட்டரை இறக்கி பூட்டு போட்டாரு, உள்ள வெளிச்சம். "சித்தப்பா, டிவி?"ன்னேன். "அதை நிறுத்துனா கேமரா நின்னுருமே"ன்னாரு. காலைல 6 மணி வரைக்கும் மூட்டை மேல ஓடுற எலிக்கு அது படம் காட்டிட்டு இருந்துருக்கு. 45 வாட் டிவி, 1.44ஆல பெருக்குங்க, 65 யூனிட். 4 கேமரா செட்டு மொத்தமா இழுக்குறதை விட ஜாஸ்தி. கடை கனெக்‌ஷனுக்கு வீடு மாதிரி 100 யூனிட் இலவசமும் கிடையாது, யூனிட் 10 ரூபாய் கிட்ட வந்துரும், ஆக டிவிக்கு மட்டும் 650 ரூபாய்.

டிவியை அணைச்சாலும் டிவிஆர் பாட்டுக்கு ரெக்கார்ட் பண்ணும், ரெண்டும் வேற வேற. இதை நான் அன்னைக்கே அவர்கிட்ட சொல்லிருக்கணும், தப்பு என்னோடது. இப்ப எந்த வீட்ல மாட்டுனாலும் கிளம்புறதுக்கு முன்னாடி டிவியை அணைச்சு காட்டி, ஒரு நிமிஷம் கழிச்சு போட்டு, நடுவுல நான் கேட்டுக்கு நடந்து போனது பதிவாயிருக்கிறதை ப்ளேபேக்ல காட்டிட்டுதான் காசு வாங்குறேன். 15, 20 வாட்ல சின்ன மானிட்டர் வெச்சா இன்னும் நல்லது, போன்ல பாக்கத் தெரிஞ்சவங்களுக்கு அதுவும் வேணாம்.

எஸ்எம்பிஎஸ்ல 12 வோல்ட் 10 ஆம்ப்னு போட்டிருக்கே, அப்ப 120 வாட் இழுக்குமா?

இழுக்காது. அது அதிகபட்சம் குடுக்கக்கூடிய அளவு, தண்ணி டேங்க் 1000 லிட்டர்னா தினமும் 1000 லிட்டரும் செலவு பண்றோமா என்ன? கேமரா கேக்குறதை மட்டும்தான் அது குடுக்கும். சொல்லப்போனா தேவைக்கு கொஞ்சம் பெருசா வெச்சாதான் சூடாகாம ரொம்ப நாள் உழைக்கும்.

ராத்திரி ஏன் கூட இழுக்குது?

இருட்டுனதும் கேமரா கண்ணைச் சுத்தி சிவப்பா மங்கலா சின்னச் சின்ன புள்ளி எரியும் பாருங்க, அதுதான் ஐஆர் லைட்டு. நம்ம கண்ணுக்கு பெருசா தெரியாது, கேமராவுக்கு அதுதான் டார்ச். கேமராவுக்கு ஒரு வாட், ஒன்றரை வாட் கூடும், காசுக்கணக்குல ஒண்ணுமில்ல.

ஆனா இந்த ஒரு வாட் என்னை ஒரு தடவை ஒரு வாரம் அலைய விட்டுச்சு. ஒரு வீட்ல தினமும் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு சரியா பின்பக்க கேமரா ஆஃப் ஆகும், விடிஞ்சா தானா வந்துரும். அந்த வீட்டுப் பாட்டி பக்கத்து வீட்டுக்காரங்க செய்வினைன்னே முடிவு பண்ணிட்டாங்க. நான் கேமராவை மாத்துனேன், கனெக்டரை மாத்துனேன், டிவிஆர்ல போர்ட்டை மாத்துனேன், ஒண்ணும் ஆகல. கடைசியா ஏணி போட்டு ஏறி கேமரா முனைல மீட்டரை வெச்சுக்கிட்டு 6 மணிக்கு காத்திருந்தேன். பகல்ல 11 சொச்சம் வோல்ட் காட்டுனது, ஐஆர் எரிஞ்ச உடனே மடமடன்னு ஒன்பதுக்கு கீழ போயி கேமரா செத்துருச்சு. 60 மீட்டர் தூரம், அதுவும் விலை கம்மின்னு நான் வாங்கிப் போட்ட கேபிள், உள்ள முழு செம்பு கிடையாது, அலுமினியத்துக்கு மேல செம்பு பூசுனது. வழியிலயே வோல்டேஜ் தேஞ்சு போயிருது, தேஞ்சது பூரா கேபிள்ல சூடா வீணாகுது, அதுக்கும் மீட்டர் ஓடுதுல்ல. கேமரா பக்கத்துலயே தனியா ஒரு அடாப்டர் வெச்சதும் செய்வினை கழிஞ்சுது.

ராத்திரியும் கலர்ல தெரியிற கேமரா நிறைய இழுக்குமா?

அதுல ஐஆருக்கு பதிலா வெள்ளை லைட்டு எரியும், கேமராவுக்கு ரெண்டு மூணு வாட் கூட. கரண்ட்டை விட பூச்சிதான் தொல்லை, வெளிச்சத்துக்கு வந்து, அதைப் பிடிக்க பல்லி வந்து, சிலந்தி கூடு கட்டி, ராத்திரி பூரா போனுக்கு அலர்ட்டா வந்துட்டே இருக்கும். தெரு லைட்டு நல்லா இருக்கிற இடத்துக்கு நான் ஐஆரே போதும்னு சொல்லிருவேன். ஆள் நடமாட்டம் வந்தா மட்டும் வெள்ளை லைட்டு எரியிற மாதிரி செட்டிங் நிறைய மாடல்ல இருக்கு, அது நல்ல விஷயம்.

ஆள் அசைஞ்சா மட்டும் ரெக்கார்ட் ஆகுற மாதிரி வெச்சா கரண்ட் மிச்சமா?

கிட்டத்தட்ட இல்ல. கேமரா எப்பவும் பாத்துட்டேதான் இருக்கணும், பாத்தாதானே அசைவு தெரியும். டிஸ்க்கும் சுத்திட்டேதான் இருக்கும். மிச்சம் ஆகுறது டிஸ்க்ல இடம். 4 கேமரா, ஒண்ணு நொடிக்கு 2 மெகாபிட்னு வெச்சா ஒரு நாளைக்கு 86 ஜிபி, 1 டிபி டிஸ்க் 11 நாள்ல நிரம்பிரும், அசைவுக்கு மட்டும்னா அதுவே மாசக்கணக்குல வரலாம். அதுக்காக வைங்க, பில்லுக்காக இல்ல.

சாதா கேமராவா, ஐபி கேமராவா, எது கம்மி?

சாதாதான் கம்மி. ஐபி கேமரா, அதாவது நெட்வொர்க் கேபிள்ல ஓடுறது, உள்ளயே ஒரு சின்ன கம்ப்யூட்டர் மாதிரி, 4லேருந்து 7 வாட் வரைக்கும் போகும், அதோட பிஓஇ சுவிட்ச் (படம் வர்ற அதே கேபிள்லயே கரண்ட்டும் குடுக்குற பெட்டி) ஒண்ணு, அது தன் பங்குக்கு ஒரு 8, 10 வாட் சாப்பிடும். 8 ஐபி கேமரா செட்டு 65, 70 வாட், 2 மாசத்துக்கு 100 யூனிட் கிட்ட. ஆனா பிஓஇ-ல கேபிள்ல 48 வோல்ட்டு கிட்ட போறதால மேல சொன்ன மாதிரி தூரத்துல தேஞ்சு போற பிரச்சனை பெருசா வராது, கல்யாண மண்டபம், ஸ்கூல் மாதிரி நீளமான இடத்துக்கு அதான் சரி. நாலு ரூம் வீட்டுக்கு சாதாவே போதும்ங்கிறது என் கருத்து, என் தொழில்ல இதுக்கு சண்டைக்கு வர்றவங்க இருக்காங்க.

சுத்தி சுத்தி பாக்குற பெரிய பிடிஇஸட் கேமரான்னா அது தனி ரகம், ஒண்ணே 15, 20 வாட் இழுக்கும். வீட்டுக்கு எதுக்கு அது?

ஒரே ஒரு வைஃபை கேமரா மட்டும் வாங்கி வெச்சிருக்கேன்

போன் சார்ஜர் மாதிரி 5 வோல்ட் அடாப்டர்ல ஓடும், மூணு நாலு வாட். 5 யூனிட், 25 ரூபாய். குழந்தையை பாக்க, வயசான அப்பாவைப் பாக்க இதுவே போதும், டிவிஆர் எல்லாம் வேணாம், மெமரி கார்டு போட்டுக்கோங்க.

எங்க வீட்ல உண்மையா எவ்வளவு இழுக்குதுன்னு எப்படி தெரிஞ்சுக்கிறது?

ப்ளக்ல சொருகுற வாட் மீட்டர் ஆன்லைன்ல கிடைக்குது. காசு செலவு பண்ணாம ஒரு வழி இருக்கு. ஈபி மீட்டர்ல ஒரு சின்ன சிவப்பு லைட்டு விட்டு விட்டு மின்னும், பக்கத்துல ஒரு யூனிட்டுக்கு இத்தனை இம்பல்ஸ்னு போட்டிருக்கும், பல மீட்டர்ல 3200. வீட்ல ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் உட்பட எல்லாத்தையும் அணைச்சுட்டு கேமரா செட்டு மட்டும் ஓட விடுங்க. ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் நடுவுல எத்தனை செகண்டுன்னு போன்ல ஸ்டாப்வாட்ச் வெச்சு பாருங்க, 1125ஐ அந்த செகண்டால வகுத்தா வாட். 32 செகண்ட் வந்துச்சுன்னா 35 வாட். உங்க மீட்டர் 1600ன்னா 1125க்கு பதிலா 2250ஐ வகுக்கணும். ஒரு தடவைக்கு நாலு தடவை பாத்து சராசரி எடுங்க. எல்லாத்தையும் அணைச்சும் நீங்க எதிர்பாத்ததை விட வேகமா மின்னுச்சுன்னா வேற ஏதோ ஓடிட்டு இருக்குன்னு அர்த்தம், மாடி ரூம் கீசரை மறந்து விட்ட வீட்டை எல்லாம் இப்படி கண்டுபிடிச்சிருக்கேன்.

கரண்ட் போனா?

வீட்ல இன்வெர்ட்டர் இருந்தா அதுல குடுத்துருங்க, தனியா யூபிஎஸ் வாங்க வேணாம். 150 ஏஎச் பேட்டரி பேப்பர்ல 1800 வாட் ஹவர், நடைமுறைல 1200 எடுக்கலாம். கேமரா செட்டு 35, இன்வெர்ட்டர் தன் வயித்துக்கு ஒரு 15, 20 வாட், ஆக கேமரா மட்டும்னா 20 மணி நேரம் தாராளமா ஓடும். ஆனா யாரும் கேமராவை மட்டும் ஓட்ட மாட்டாங்க, ரெண்டு ஃபேன் லைட்டுன்னு போட்டா 5 மணி நேரம். ரௌட்டரையும் இன்வெர்ட்டர் லைன்ல குடுக்கணும், இல்லாட்டி ரெக்கார்ட் ஆகும், போன்ல தெரியாது.

இன்வெர்ட்டர் இல்லன்னா கம்ப்யூட்டருக்கு வைக்கிற 600 விஏ யூபிஎஸ், உள்ள 7 ஏஎச் பேட்டரி, புதுசுல ஒரு மணி நேரம் கிட்ட வரும், ரெண்டு வருஷத்துல அரை மணி ஆயிரும். சாதாரண பவர் கட்டுக்கு போதும். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப வேதாரண்யம், பட்டுக்கோட்டை பக்கம் வாரக்கணக்குல கரண்ட் இல்ல, அந்த மாதிரி நாளுக்கு எந்த பேட்டரியும் காணாது, அன்னைக்கு கேமராவை நினைச்சவங்களும் கிடையாது.

மாடில சோலார் போட்டிருக்கோம், அப்ப கேமராவுக்கு கரண்ட் ஃப்ரீதானே?

கணக்குல ஃப்ரீதான். 35 வாட் செட்டு ஒரு நாளைக்கு முக்கால் யூனிட்டுக்கு கொஞ்சம் மேல, 1 கிலோவாட் பேனல் நம்ம ஊர் வெயிலுக்கு நாளைக்கு சுமார் 4 யூனிட் தரும். ஆனா ஒரு விஷயம் நிறைய பேருக்கு தெரியல. ஈபி லைனோட சேர்ந்து ஓடுற ஆன்கிரிட் சோலார், கரண்ட் போனா அதுவும் நின்னுரும், உச்சி வெயில் அடிச்சாலும் சரி. லைன்ல வேலை பாக்குறவருக்கு ஷாக் அடிச்சுரக்கூடாதுன்னு அப்படித்தான் செஞ்சிருக்காங்க. அதனால சோலார் இருக்குன்னு கேமராவுக்கு பேட்டரி வைக்காம விட்டுறாதீங்க.

தோப்புல கரண்ட் வசதி இல்ல, என்ன பண்றது?

சின்ன பேனல், உள்ள பேட்டரி, சிம் கார்டு போடுற 4ஜி சோலார் கேமரா இருக்கு. பில் கிடையாது, சிம் ரீசார்ஜ்தான் பில்லு. ஆனா இதுல நிறைய மாடல் 24 மணி நேரமும் ரெக்கார்ட் பண்ணாது, உடம்பு சூடு கிட்ட வந்தா முழிச்சு பதிவு பண்ணிட்டு மறுபடி தூங்கிரும், அதனாலதான் அவ்வளவு சின்ன பேட்டரில ஓடுது. ஐப்பசி கார்த்திகைல தொடர்ந்து நாலு நாள் மழை பிடிச்சா சார்ஜ் இறங்கிரும், பேனலை தென்னை நிழல்ல மாட்டுனா மழையே வேணாம். பம்ப்செட்டு இலவச மின்சாரத்துலேருந்து வயர் இழுத்துரலாமான்னு கேக்குறாங்க, அது மோட்டாருக்கு குடுத்தது, ஈபி ஆபீஸ்ல கேட்டுட்டு செய்யுங்க, நான் இழுத்துத் தர மாட்டேன்.

அபார்ட்மென்ட்ல கேமரா கரண்ட் யார் குடுக்குறது?

பொது மீட்டர்லதான் எடுக்கணும். கீழ் வீட்டுக்காரர் மீட்டர்ல எடுத்துட்டு "அப்புறம் பாத்துக்கலாம்"னு விட்ட இடத்துல எல்லாம் ஒரு வருஷத்துல அவர் ப்ளக்கை பிடுங்கிருவாரு, அதுல நியாயமும் இருக்கு. 8 கேமராவுக்கு 80 யூனிட், யூனிட் 8 ரூபாய்னு வெச்சா கூட 640, எட்டு வீடு பிரிச்சா வீட்டுக்கு 80 ரூபாய் 2 மாசத்துக்கு. லிஃப்ட் இல்லாம 3 மாடி, 10 வீட்டுக்குள்ள இருக்கிற அபார்ட்மென்ட்டுக்கு பொது மீட்டர் ரேட்டை 2023 அக்டோபர்ல 8 ரூபாயிலேருந்து 5.50ஆ குறைச்சாங்க, உங்களுக்கு அந்தக் குறைஞ்ச ரேட்ல வருதான்னு பில்லை எடுத்து பாருங்க, பாக்காமலே கட்டிட்டு இருக்கிற அசோசியேஷன் நிறைய.

டிவிஆர் சுடுது, அதனால கரண்ட் ஜாஸ்தி ஆகுமா?

பெருசா ஆகாது, ஆனா டிஸ்க் போயிரும், அது ஆயிரக்கணக்குல செலவு. டிவிஆர் மேல பூப்போட்ட துணி விரிச்சு அதுக்கு மேல சாமி படம் வெச்சு பக்கத்துல விளக்கும் ஏத்தி வெச்சிருந்த வீடு நான் பாத்திருக்கேன். அதுக்கு மூச்சு விடுற ஓட்டை பக்கவாட்டுல இருக்கு, கத்திரி வெயில்ல பரண் மேல, மூடுன அலமாரிக்குள்ள வைக்காதீங்க.

வெளியூர் போறோம், மெயினை அணைச்சுட்டு போகலாமா?

சிரிக்காதீங்க, இது வாரம் ஒருத்தர் கேக்குறது. என் பெரியத்தை பழனிக்குப் போறப்ப கேஸ், தண்ணி பைப்பு, மெயின் சுவிட்ச் எல்லாத்தையும் ஒழுங்கா அணைச்சுட்டு போயி, பஸ்ல ஏறுன கொஞ்ச நேரத்துலேருந்து "தம்பி, போன்ல வீடு தெரியல, உன் கேமரா கெட்டுப் போச்சு"ன்னு நாலு தடவை கூப்பிட்டுட்டாங்க. கேமராவுக்கும் ரௌட்டருக்கும் சேர்த்து தனியா ஒரு எம்சிபி (ட்ரிப் ஆகுற சுவிட்ச்) போட்டு, மெயினை விட்டுட்டு மத்த எம்சிபியை மட்டும் இறக்கிட்டு போங்க. வயரிங்காரர் வந்தா அரை மணி நேர வேலை. அத்தை வீட்ல அந்த எம்சிபிக்கு மேல "இதைத் தொடாதே"ன்னு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன், அப்புறம் அவங்க திருச்செந்தூர் போயிட்டு வந்தாங்க, கேமரா ஓடுச்சு, ஃப்ரிட்ஜ் எம்சிபியை இறக்கிட்டுப் போனதுல உள்ள இருந்த தோசை மாவுதான் பொங்கி வழிஞ்சு கிடந்துச்சு.